அம்மா பைண்டு செய்த ஜீனோ

"உங்கம்மா சீரியல் பார்ப்பாங்களா?" என்று என் மகளை அவள் சிநேகிதி ஒருத்தி கேட்டாளாம். அதற்கு இவள், "பார்ப்பாங்க. ஆனா அதுல யாராவது பறக்கணும், இல்லேன்னா ஒரு மெஷினாவது பேசணும்" என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடமே சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யில்லையே!

மாமியார் மருமகள் சண்டையை நான் டி.வி.யில் வேறு பார்க்க வேண்டுமா என்ன? எனக்குப் பிடித்தது விஞ்ஞானக் கதை. அடுத்தபடியாக, சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு ஆகாயத்தில் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிற ஆசாமிகள். நாற்பத்தாறு வயசில் இதென்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இது எனக்கு அம்மா வழிச் சொத்து.

எங்கள் அம்மா கும்பகோணத்தில் சாதாரணக் குடும்பத்தலைவி. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாரா வாரம் கிழித்து எடுத்து, மொத்தமும் சேர்ந்த பிறகு கோதுமை மாவுப் பசை காய்ச்சி, தடி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்து வைத்துவிடுவாள். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இந்தக் குடிசைத் தொழில் நடந்ததே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி அம்மா தைத்து வைத்ததில் ஒன்று சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. நான் அதைப் படித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. அரைப் பரீட்சை லீவில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டே நாளில் முடித்தேன்.

சுஜாதா என்பது பெண் எழுத்தாளர் என்றே அம்மா கல்யாணத்துக்கு முன்பு நினைத்திருந்தாளாம். ஒரு பெண் இவ்வளவு துணிச்சலாக எழுதுகிறாளே என்று பெருமை வேறு! பிறகுதான் அவர் ரங்கராஜன், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினியர், பெண்டாட்டி பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததாம். நாம் ஓட்டுப் போடுகிறோமே அந்த மின்னணு இயந்திரம், அது உருவானதில் அவருக்கும் பங்கு உண்டு. அம்மாவுக்கு முதலில் ஏமாற்றம். "போகட்டும், பெண்டாட்டி பேரையாவது வெளியில சொன்னாரே" என்று அப்புறம் சமாதானம் செய்துகொண்டாள்.

படிக்காதவர்களுக்காகக் கதையை லேசாகச் சொல்லிவிடுகிறேன். முழுவதும் சொல்லமாட்டேன், வாங்கிப் படியுங்கள். கதை நடப்பது 2021-ம் ஆண்டில். ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறார். எல்லாருக்கும் இரண்டு எழுத்தில்தான் பெயர். குழந்தை பெற்றுக்கொள்வதற்குக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா, சிபி என்று இளம் தம்பதி. அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் நிலா இருக்க, சிபி காணாமல் போகிறான். அந்த நேரம் பார்த்து ரவி என்று ஒருவன் வீட்டுக்கு வருகிறான். அவனோடு வருவதுதான் ஜீனோ! பார்த்தால் நாய்க்குட்டி, உண்மையில் இயந்திரம். புத்தகம் படிக்கும், எதிர்க்கேள்வி கேட்கும், வாய் ஜாஸ்தி. ஒன்றும் தெரியாத அப்பாவிப் பெண்ணாக இருக்கும் நிலா அதன் துணையோடு எப்படி எப்படியெல்லாம் மாறுகிறாள் என்பதுதான் கதை.

பன்னிரண்டு வயசில் எனக்கு ஜீனோ மட்டும்தான் தெரிந்தது. தெருநாய்களைப் பார்த்தால்கூட இதற்கு உள்ளே பாட்டரி இருக்குமோ என்று தோன்றும். நிலாவின் கஷ்டமெல்லாம் மனசில் ஒட்டவில்லை. பிள்ளை பெற அனுமதி வேண்டுமென்றால் வாங்கிவிட்டுப் போகிறது, அதற்கென்ன என்று நினைத்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லாமல், யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் ஓரமாக உட்கார்ந்திருந்த காலத்தில் இன்னொரு முறை படித்தேன். அந்த அனுமதி வருகிற இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. அட்டையை மூடி வைத்துவிட்டேன். அரசாங்கம் கேட்காவிட்டால் என்ன, அக்கம்பக்கம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

அம்மாவின் பைண்டிங்கில் ஒரு குறை. நடுவில் ஒரு அத்தியாயம் கிடையாது. அந்த வாரத்துப் புத்தகத்தை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. "அம்மா, இங்கே என்ன ஆச்சு?" என்று நான் கேட்டதற்கு, வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே அம்மா ஒரு அத்தியாயம் சொன்னாளே, அப்பப்பா! போலீஸ் துரத்த, நிலாவும் ஜீனோவும் ரயிலேறிக் கும்பகோணத்துக்கே வந்துவிடுகிறார்கள். பாத்திரக்கடைத் தெருவில் புகுந்து, அடுக்கி வைத்த பித்தளை அண்டாக்களுக்குள் ஒளிந்து, ராத்திரியில் எங்கள் வீட்டு ரேழிக்கு வந்து சேர்கிறார்கள். எங்கள் பாட்டி ஜீனோவைப் பார்த்து, "வாயில்லா ஜீவன், பசிக்கும்" என்று இட்லியைப் பிட்டுப் போடுகிறாள். அது, "பாட்டி, எனக்கு வாய் இருக்கிறது, வயிறுதான் இல்லை" என்கிறது. டார்ச் லைட்டிலிருந்து இரண்டு பாட்டரி எடுத்துக் கொடுத்தபிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. பரணில் ஏறிப் பாம்புப் பஞ்சாங்கத்தை முழுவதும் படித்துவிட்டு, மறுநாள் ராகு காலம் பார்த்துப் போலீஸை ஏமாற்றுகிறது.

பல வருஷம் கழித்து நூலகத்தில் முழுப் புத்தகத்தையும் எடுத்து, விட்டுப்போன அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். கும்பகோணமும் இல்லை, பாட்டியும் இல்லை. சுஜாதா எழுதியது பிரமாதம்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அம்மா சொன்னதுதான் அசல்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பைத்தியத்துக்கு விலையும் கொடுத்திருக்கிறோம். முதல் பலி என் மாமா. 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதலில் வந்தது இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துச் சித்திரக் கதையின் தமிழாக்கம் அது. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அந்த ஆள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். அப்போது பத்து வயசான எங்கள் மாமா பிளக்கில் விரலை விட்டுப் பார்த்தார். மறையவில்லை, சுவரோரம் போய் விழுந்தார்! பெரியவர்கள் தலையில் குட்டியதோடு அது முடிந்தது, நல்ல காலம்.

அடுத்தது என் தம்பி. இது கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டிய சங்கதி.

1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் 'சக்திமான்' ஆரம்பித்தது. முகேஷ் கன்னா, அதாவது மகாபாரதத்தில் பீஷ்மராக வந்தவர், அரக்குச் சிவப்பு உடையில் மார்பில் தங்கச் சக்கரத்தோடு வருவார். சாதாரண நேரத்தில் பல் துருத்திக்கொண்டு, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கங்காதர் என்ற அசட்டுப் போட்டோகிராபர். ஆபத்தென்றால் பம்பரம் மாதிரி சுழன்று சக்திமானாகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை வெளியில் இராது. எல்லாம் ஹிந்தி. நான் ஹிந்தி பிரசார சபையில் மத்யமா வரை எழுதியிருந்ததால் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் எனக்கு! எனக்குப் பாதி புரியும், மீதியை அம்மா மாதிரி நானே சேர்த்துக்கொள்வேன். வாண்டுகளுக்கு என்ன தெரியும்?

ஒன்பது வயசுத் தம்பி ஒரு நாள் அம்மாவின் சிவப்பு ரவிக்கைத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு கொல்லைப்புறக் குளியலறை மேல் ஏறிவிட்டான். ஏழடி உயரம் இருக்கும். அவன் குதித்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். குதிக்கவே இல்லை. சக்திமான் மாதிரி சுற்றினான். பத்து சுற்றில் தலை கிறுகிறுத்து, துளசி மாடத்துப் பக்கமாக விழுந்தான். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இடது முன்கை வளைந்து தொங்கியதைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. "சுளுக்குத்தான், விளக்கெண்ணெய் போட்டு நீவி இழுத்துவிட்டால் சரியாப் போயிடும்" என்றார் ஒரு பாட்டி. அம்மா அவனைத் தொடவிடவில்லை. "யாரும் இழுக்காதீங்க. டீ, கூடத்துல இருக்கிற புஸ்தகத்தைக் கொண்டு வா. உன் தாவணியையும் கொண்டு வா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கெட்டியான வாரப் பத்திரிகை ஒன்றை அப்படியே கையைச் சுற்றி வளைத்து வைத்து, மேலும் கீழும் நாடாவால் இறுக்காமல் கட்டினாள். தாவணியை முக்கோணமாக மடித்துக் கழுத்தோடு தூளி கட்டி, கையை அதில் தாங்க வைத்தாள். இதை எங்கே கற்றாள் தெரியுமா? இந்த மாதிரிப் பெண்கள் பத்திரிகையில் வந்த முதலுதவிப் பக்கத்தில்தான்! டாக்டர் பார்த்துவிட்டு, "யார் கட்டினது?" என்று கேட்டார். அம்மா பயந்துபோய், "தப்பா?" என்றாள். "இதைவிட நல்லா நான் கட்டமுடியாது" என்றார்.

குழந்தைகளின் எலும்பு முருங்கைக் குச்சி போலப் படக்கென்று உடையாதாம். பச்சைக் குச்சி மாதிரி ஒரு பக்கம் விரிந்து வளையுமாம். எலும்பின் நுனியில் வளர்கிற குருத்துப் பகுதி இருக்கிறதாம், அதை நீவியோ இழுத்தோ கெடுத்தால் கை வளர்ச்சியே கோணிவிடக்கூடும் என்றார். மாவுக்கட்டு போட்ட பிறகு விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப் போனாலோ, வலி தாங்கமுடியாமல் அதிகமானாலோ ராத்திரி பகல் பார்க்காமல் வந்துவிட வேண்டும். கட்டுக்குள் அரிக்கிறது என்று குச்சியை விட்டுச் சொறியக் கூடாது. தம்பி என் கொண்டை ஊசியை விட்டுச் சொறிந்து உதை வாங்கினான். ஆறு வாரம் கட்டு இருந்தது.

அந்தச் சமயம் சக்திமானைப் பார்த்துப் பிள்ளைகள் குதித்துவிட்டார்கள், தீ வைத்துக்கொண்டார்கள் என்றெல்லாம் நாளிதழ்களில் செய்திகள் வந்தன. அவற்றில் எது நிஜம் எது புரளி என்று சர்ச்சையும் எழுந்தது. முகேஷ் கன்னாவே திரையில் வந்து, நான் செய்வதைச் செய்யாதீர்கள் என்று குழந்தைகளுக்குச் சொன்னார். அப்பா, "இனிமேல் இந்த வீட்டுல அந்த நிகழ்ச்சி கிடையாது" என்று சொல்லிவிட்டார். அம்மாதான் மறுத்தாள். "வேண்டாம்னா அடுத்த வீட்டுல போய்ப் பார்ப்பான். நானும் கூட உட்காந்து பாக்கறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் பார்த்தாள். முடிந்ததும் தம்பியிடம், "அந்த ஆள் எத்தனை வருஷம் தவம் பண்ணினார், யோகம் பண்ணினார்னு அக்கா சொன்னாளே, கேட்டியா? குண்டலினியாம், ஏழு சக்கரமாம். நீ காலையில பல் தேய்க்கவே அரை மணி அழறே" என்றாள். தம்பி யோசித்தான். மறுநாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து பத்மாசனம் போட ஆரம்பித்தான்! ஒரு வாரம் நடந்தது. அதற்கப்புறம் சக்திமானைவிட அவருக்கு எதிரியான கில்விஷைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, அது வேறு கதை.

விஞ்ஞானக் கதையெல்லாம் ஆம்பிளைகள் சமாசாரம் என்று சில சகோதரிகள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1905-ல் ரொக்கேயா சகாவத் ஹொசேன் என்ற வங்காள முஸ்லிம் பெண்மணி 'சுல்தானாவின் கனவு' என்று ஒரு கதை எழுதினார். பள்ளிக்கூடத்துக்கே போகாதவர், கோஷாவில் வளர்ந்தவர். கணவர் உத்தியோக விஷயமாக வெளியூர் போயிருந்தபோது பொழுது போகாமல் இங்கிலீஷில் எழுதினாராம். அது முதலில் வெளிவந்தது எங்கே? நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற பெண்கள் பத்திரிகையில்தான்.

அந்தக் கதையில் பெண்கள் நாடு ஒன்று வருகிறது. ஆண்கள் எல்லாரும் வீட்டுக்குள் கோஷா, பெண்கள் வெளியில் ராஜ்ஜியம் ஆள்கிறார்கள். ஆகாயத்தில் பறக்கும் வண்டி, மேகத்திலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர். எனக்குப் பிடித்தது என்னவோ அந்த ஊர்ச் சமையலறைதான். காய்கறித் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. புகை இல்லை, கரி இல்லை, புகைபோக்கியே கிடையாது. சூரிய வெப்பத்தைச் சேமித்துக் குழாயில் கொண்டுவந்து சமைக்கிறார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறாள் மகராசி! விறகடுப்பை ஊதி ஊதிக் கண் எரிந்தவளுக்குத்தானே அது தோன்றும்? ஆண்கள் எழுதிய எத்தனையோ விண்வெளிக் கதைகள் படித்திருக்கிறேன். செவ்வாய்க்குப் போகிறான், சனிக்குப் போகிறான், அங்கே யார் சமைக்கிறார்கள், யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்று மூச்சு விடுவதில்லை. ஏதோ மாத்திரை சாப்பிட்டுவிடுகிறார்களாம். கணவர் ஊரிலிருந்து வந்து ரொக்கேயாவின் கதையைப் படித்துவிட்டு, ஆண்களை நன்றாகப் பழிவாங்கிவிட்டாய் என்கிற மாதிரி சொன்னாராம். சந்தோஷமாகவே சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது 2021-க்கு வருகிறேன். ஜீனோவின் வருஷம். சிறுமியாக இருந்தபோது, 2021 வரும்போது எனக்கு நாற்பது தாண்டிவிடுமே, கிழவியாகிவிடுவேனே, இயந்திர நாய்க்குட்டி வளர்க்க அப்போது தெம்பு இருக்குமா என்று கணக்குப் போட்டுக் கவலைப்பட்டிருக்கிறேன். நாய்க்குட்டி வரவில்லை. (ஜப்பானில் சோனி கம்பெனி 1999-லேயே ஐபோ என்று ஒன்றைச் செய்து விற்றது. பழுது பார்க்க முடியாமல் நின்றுபோன அந்த நாய்களுக்குக் கோயிலில் கருமாதிகூடச் செய்தார்கள் அங்கே.) வந்தது கொரோனாவின் இரண்டாவது அலை.

மே மாதக் கடைசி. நாங்கள் இருப்பது குரோம்பேட்டையில், அம்மா கும்பகோணத்தில் தம்பியோடு. ராத்திரி பத்தரை மணிக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். நீ கிளம்பி வா" என்றான். அப்போது ஊரடங்கு. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பதிவு செய்ய வேண்டும். என்ன காரணம், எந்த வண்டி, யார் யார், எல்லாம் எழுத வேண்டும். மகள்தான் உட்கார்ந்து செய்தாள். பதிவு கிடைத்து அந்தக் காகிதம் போனில் வந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள். அம்மா அங்கே என்ன நிலையில் இருக்கிறாளோ, இங்கே ஒரு சீட்டு கிடைத்ததற்குச் சந்தோஷமா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. உடனே நிலா ஞாபகம் வந்தாள். அதே 2021!

ஜீவாவின் ஆட்சியையும் நோய்க்காகப் போட்ட கட்டுப்பாட்டையும் நான் ஒன்றாகச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு. நோய் பரவாமல் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் விழுப்புரம் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில், முகக்கவசத்தோடு நின்ற அந்தச் சின்ன வயசுக் காவலரிடம் போனை நீட்டியபோது என் கை நடுங்கியது. அவர் பார்த்துவிட்டு, "ஜாக்கிரதையாப் போங்கம்மா" என்றார். நல்ல பிள்ளை.

நாங்கள் போய்ச் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே அம்மா போய்விட்டாள். கொரோனா இல்லை, இருதயம்தான். ஆகவே முகம் பார்க்க முடிந்தது. அது ஒரு கொடுப்பினை. ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் வரமுடிந்தது. அம்மா எத்தனை வீட்டு எடுப்புக்கு ஓடியிருப்பாள், எத்தனை பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பாள். அவளுக்கு மாரடித்து அழத் தெருவில் ஆளில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக் கைகூப்பினார்கள். போனில்தான் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள்.

குரோம்பேட்டைக்குத் திரும்பி வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஒரு மாசமிருக்கும். என் மகளுக்கு அப்போது பதினான்கு வயசு. ஒரு நாள் மத்தியானம், "அம்மா, உனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு இருக்கு, வா" என்று பக்கத்தில் உட்கார வைத்து 'வாண்டாவிஷன்' என்ற அமெரிக்கத் தொடரைப் போட்டாள். மார்வெல் கம்பெனியார் எடுத்தது. 2021 ஜனவரியில் ஆரம்பித்து மார்ச்சில் முடிந்தது, மொத்தம் ஒன்பதே பகுதி. நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. கறுப்பு வெள்ளையில், 1950-களில் எடுத்த நகைச்சுவை நாடகம் மாதிரி இருக்கிறது. வாண்டா என்ற மந்திர சக்தியுள்ள பெண், விஷன் என்ற இயந்திர மனிதன், இருவரும் புதுசாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். சாயங்காலம் விருந்தாளி வருகிறார், சமையல் ஆகவில்லை என்று அவள் தவிக்கிறாள். பாத்திரமெல்லாம் தானே பறக்கிறது. "அட, நம்ம கதை!" என்றேன். பகுதிக்குப் பகுதி காலம் மாறுகிறது, வர்ணம் வருகிறது, இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகுதான் தெரிகிறது, விஷன் ஏற்கெனவே செத்துப்போனவன். பெற்றோர், கூடப்பிறந்தவன், கடைசியில் இவன் என்று ஒவ்வொருவராகப் பறிகொடுத்த துக்கம் தாங்காமல் வாண்டா ஒரு ஊரையே தன் சக்தியால் வளைத்துப் போட்டு, சின்ன வயசில் அப்பா அம்மாவோடு பார்த்த டி.வி. நாடகங்கள் மாதிரி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஊர் ஜனங்கள் அவள் இஷ்டத்துக்கு நடிக்கிறார்கள். உள்ளுக்குள் அவர்கள் படும் வேதனை வேறு.

கடைசிப் பகுதியில் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற இடத்தில் நான் அழுதுவிட்டேன். சும்மா கண் கலங்கவில்லை. கும்பகோணத்தில் வராத அழுகை எல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. மடித்து வைத்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மகள் பயந்துபோய், "அம்மா, ஸாரிம்மா, இதைப் போட்டிருக்கக் கூடாது" என்றாள். நல்லவேளை, போட்டாள்.

ஆனால் மறுநாளே அவளோடு எனக்குச் சண்டை. வாண்டா பாவம், அவள் செய்ததில் தப்பில்லை என்பது அவள் கட்சி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "உனக்குத் துக்கம்னா துக்கம் கேட்க வந்தவங்களையெல்லாம் கட்டிப் போட்டு வச்சுக்குவியா? அவங்க வீட்டுல உலை வைக்கவேண்டாமா?" என்றேன். எங்களுக்குத் துக்கம் கேட்க ஆள் வரவில்லையே என்று ஏங்கினோம், அவள் ஒரு ஊரையே பூட்டி வைத்திருக்கிறாள்! "அது சரி, அவ சக்தி உன்கிட்ட இருந்தா நீ பாட்டியை வரவழைச்சிருக்க மாட்டியா?" என்று கேட்டாள் மகள். பதில் சொல்லாமல் பால் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

ஃபிராங்கன்ஸ்டைன் கதையை எழுதிய மேரி ஷெல்லிக்கும் அப்படித்தான். 1815-ல் குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தை இறந்துபோயிற்று. குழந்தையைக் கணப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டதாகக் கனாக் கண்டேன், விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை என்று டயரியில் எழுதி வைத்திருக்கிறாள். செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கும் அந்த நாவல் வெளிவந்தது 1818-ல். பேய்க்கதை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மகளின் கல்லூரிப் புத்தகத்தில் இதைப் படித்த பிறகு தமிழில் தேடி வாங்கியிருக்கிறேன்.

இப்படியெல்லாம் உருகுகிறவள் குறையே சொல்லமாட்டேன் என்று நினைக்காதீர்கள். இந்தப் பறக்கும் வீரர்கள் சண்டை போட்டு ஊரை நொறுக்கிவிட்டுப் போகிறார்களே, அந்தக் கண்ணாடிச் சில்லை எல்லாம் யார் பெருக்குகிறார்கள்? சக்திமான் காலத்திலிருந்து கேட்கிறேன், ஒருவர்கூடக் காட்டவில்லை. வீராங்கனைகள் தலைமுடியைப் பின்னாமல் விரித்துப் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போவது இன்னொன்று. நாம் ஒரு தோசை வார்ப்பதற்கே கொண்டை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது!

இயந்திரங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன, வாஸ்தவம். பெங்களூரில் என் நாத்தனார் வீட்டில் தரை பெருக்கும் வட்ட இயந்திரம் ஒன்று இருக்கிறது. நான் அதற்கு ஜீனோ என்று பெயர் வைத்தேன். கோரைப்பாய்க் குஞ்சத்தில் சிக்கிக்கொண்டு கட்டிலடியில் கிடந்து கத்துகிறது. மகளின் போனில் எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற செயற்கை அறிவும் இருக்கிறது. நானும் சமையல் குறிப்பு கேட்டுப் பார்த்தேன், பதவிசாகச் சொல்கிறது. ஆனால் ஜீனோ மாதிரி எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஏமாற்றம். நான் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிற துணை என்ன துணை?

போன மாதம் அம்மாவின் வருஷத் திதிக்குக் கும்பகோணம் போயிருந்தோம். பரணைச் சுத்தம் செய்தபோது அந்த பைண்டு புத்தகம் கிடைத்தது. காலண்டர் அட்டை அரித்துப் போயிருக்கிறது, தையல் மட்டும் அப்படியே கெட்டியாக இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்தோம். தம்பிக்கு இப்போது ஆறு வயசில் ஒரு பையன். "அத்தை, நடுவுல பேஜ் காணோமே, இங்க என்னாச்சு?" என்றான் அவன்.

நான் பாத்திரக்கடைத் தெருவிலிருந்து ஆரம்பித்தேன். அண்டாவுக்குள் ஒளிந்தது, ரேழிக்கு வந்தது, பாட்டி இட்லி பிட்டுப் போட்டது... "இட்லி இல்லக்கா, அடை" என்று குறுக்கே விழுந்தான் தம்பி. "இட்லிதாண்டா, நான் கேட்டிருக்கேன்." "எனக்கு அடைன்னுதான் சொன்னா. கை ஒடிஞ்சு படுத்திருந்தப்போ தினம் சொல்லுவா. வெல்லம் தொட்டுக்கிட்டு அடை" என்றான். ஒன்பது வயசுப் பையனுக்கு அடைதான் பிடிக்கும் என்று அம்மா மாற்றியிருப்பாளோ? இருவரும் விடவில்லை. பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருக்கட்டும், அப்புறம் ஜீனோ என்ன பண்ணிச்சு?" என்றான்.